அந்திச் சிவப்பில் ஒரு கூரை

அன்புள்ள அண்ணா,

மலையில் செல்போன் டவர் எரிந்துவிட்டதால் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. வீட்டைக் காப்பாற்றுகிறேன் என்று நீ மட்டும் மேலேயே நின்றுவிட்டாய். நாங்கள் எல்லோரும் கீழே பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறோம். அண்ணி ஏதோ கொஞ்சம் சாப்பிடுகிறார். குழந்தை நன்றாகத் தூங்குகிறது.

இன்று மாலை பத்திரிகைக்காக மொட்டை மாடியிலிருந்து அஸ்தமனத்தைப் படம் எடுத்தேன். காட்டுத்தீயின் புகையில் வானம் ஆரஞ்சும் ஊதாவுமாகக் குழம்பிக் கிடந்தது. “என்னா கலரு பாருங்க!” என்று கேமராவைச் சுற்றி ஒரே கூட்டம். எனக்கும் ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது.

அப்போது அண்ணி வந்து, “இதுல நம்ம வீடு எங்க இருக்கு?” என்று கேட்டார்.

புகைக்கு வெகுதூரம் தள்ளி, யார் வீட்டுக் கூரையையோ காட்டினேன். அண்ணி என்னைத் திட்டவில்லை. என் விரலைப் பிடித்து மெல்ல நகர்த்தி, சரியான இடத்தில் வைத்தார். அங்கே மரங்களுக்குப் பின்னால் தெரிந்த சிவப்பு, வானத்தின் சிவப்பு இல்லை.

“தண்ணிக் குழாயைப் பிடிச்சுக்கிட்டு அங்கதான் நிப்பாரு. வீடு போனா போகட்டும், அவரை வரச் சொல்லு” என்றார். 

பத்திரிகையில் படத்தைக் கேட்டு நச்சரிக்கிறார்கள். அனுப்ப மனம் வரவில்லை.

இதைக் கொண்டுவரும் தீயணைப்பு வண்டியில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கை காலி. கேட்டுவிட்டேன். பதில் எழுத உட்காராதே அண்ணா, அதே வண்டியில் ஏறி வா.

உன் வாயாடித் தங்கை