இடம் மாறிய தலைப்புகள்

ஜூலை 9

முதலாமாண்டுக்கான ‘ஆங்கிலச் சொல்லும் வாக்கியமும்’ பாடத்தை இந்த வருடமும் என் தலையில் கட்டிவிட்டார்கள். தொண்ணூற்றாறு பேர். அறையில் இருக்கை எழுபத்திரண்டு. மீதிப் பேர் ஜன்னல் விளிம்பிலும் தரையிலும். மைக் கிடையாது. நான் கத்த, மின்விசிறி கத்த, யார் ஜெயித்தது என்று கடைசி வரிசையைக் கேட்டால்தான் தெரியும்.

ஒரு சொல்லை உடைத்தால் உள்ளே சின்னச் சின்னத் துண்டுகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு என்று ஆரம்பித்தேன். டீச், டீச்சர். டிரைவ், டிரைவர். கடைசியில் ஒட்டுகிற ‘அர்’ அந்த வேலையைச் செய்கிற ஆளைக் காட்டும் என்றேன். ஜன்னலோரம் இருந்த ஒருவன் எழுந்து, “அப்போ கார்னர்னா சோளம் விக்கிறவரா சார்?” என்றான். வகுப்பு சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆயிற்று. கார்ன் என்றால் சோளம் என்று ஒருவனுக்காவது தெரிந்திருக்கிறதே. அவனுக்குச் சோளம் என்றே பெயராகிவிட்டது.

ஜூலை 25

வாக்கியத்துக்குப் போனேன். கரும்பலகையில் கிளை கிளையாகப் படம் போட்டேன். பழைய டிவி ஆன்டெனா என்று யாரோ முணுமுணுத்தார்கள். நம் பேச்சில் வினைச்சொல் கடைசியில் வந்து கதவைச் சாத்தும், ஆங்கிலத்தில் நடுவிலேயே வந்து நின்றுகொள்ளும் என்றேன். உடனே எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். அதுதான் பயமாக இருக்கிறது. பரீட்சையில் கதவு வரும்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண். பேசுவதே மெதுவாக. “மழை பெய்யுதுன்னு சொல்ல அங்க எதுக்கு சார் ‘இட்’னு ஒண்ணு? யாரு அந்த இட்?”

யாரும் இல்லை, ஆங்கில வாக்கியம் எழுவாய் இல்லாமல் நிற்காது, அதனால் சும்மா ஒரு ஆளைப் பிடித்து நிறுத்துகிறார்கள் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்து, “பாவம் சார் அது” என்றாள்.

பதினொரு வருடத்தில் இந்தக் கேள்வி வந்ததே இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தது.

ஆகஸ்ட் 21

பாடப்புத்தகம் முழுக்க ஆங்கிலம். ஆங்கிலம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை ஆங்கிலத்திலேயே படித்துப் புரிந்துகொள்ள வேண்டுமாம். முக்கால்வாசிப் பேர் முதல் பக்கத்தையே தாண்டவில்லை. அதனால் நானே இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்புத்தாள் தயாரித்தேன். ஒட்டுகள் இரண்டு வகை. சில ஒட்டுகள் புதுச் சொல்லையே உண்டாக்கும், டீச் டீச்சர் ஆவதுபோல. சில ஒட்டுகள் அதே சொல்லின் உருவத்தை மட்டும் மாற்றும், ஃபாஸ்ட் ஃபாஸ்டர் ஆவதுபோல. இரண்டையும் ஒரு அட்டவணையாகப் போட்டு ஒவ்வொன்றின் கீழும் பத்து உதாரணம்.

நகல் எடுக்கும் அறை நாலு மணிக்கு மூடிவிடும். தட்டச்சு முடியும்போது மூன்று ஐம்பது. படிக்கட்டில் ஓடினேன். தொண்ணூற்றாறு பிரதி. நிம்மதி.

ஆகஸ்ட் 28

துறைக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று வராந்தாவில் விரைகிறேன், மூன்றாவது பெஞ்சுக்காரி குறிப்புத்தாளை நீட்டிக்கொண்டு எதிரே நிற்கிறாள். போர்டில் போட்டதும் இதுவும் வேறு மாதிரி இருக்கிறதாம். நின்று பார்க்க நேரமில்லை. “பார்த்துப் பார்த்துத் தயாரிச்சதும்மா இது. இதையே படி” என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

கூட்டத்தில் நாற்காலிகள் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார்கள்.

நவம்பர் 18

பரீட்சை. மூன்றாவது கேள்வி என் அட்டவணையேதான், இருபது மதிப்பெண், கட்டாயம் எழுத வேண்டியது. சோளம் வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். “வரி மாறாம எழுதிட்டோம் சார்.” விடைத்தாள்கள் வேறு பல்கலைக்கழகத்துக்குத் திருத்தப் போகின்றன.

ஜனவரி 20

முடிவு வந்தது. ஐம்பத்தேழு பேர் தோல்வி.

ஜனவரி 21

அறிவிப்புப் பலகை முன்னால் போகவே கால் வரவில்லை. அடிப்படைப் பாடம் என்பதால் இதில் தோற்றவர்கள் அடுத்த பருவத்தில் உட்கார முடியாது, ஏப்ரலில் மறுதேர்வு எழுதித் தேறினாலும் ஒரு வருடம் போனதுதான். பக்கத்து அறையில் இலக்கியம் எடுக்கும் நண்பர், இந்தக் காலத்துப் பசங்க படிப்பதில்லை என்றார். நானும் ஆமாம் என்றேன். ஏன் ஆமாம் என்றேன்?

ஜனவரி 22

சோளம் தன் விடைத்தாளின் நகலைக் கேட்டு வாங்கிவந்தான். மூன்றாவது கேள்விக்குப் பூஜ்யம். “எல்லாம் சரியாத்தானே சார் இருக்கு?” என்றான். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டான்.

பார்த்தேன். புதுச் சொல் உண்டாக்கும் ஒட்டுகள் என்று தலைப்புப் போட்டு, கீழே ஃபாஸ்டர், ஸ்மாலர், புக்ஸ். உருவம் மட்டும் மாறும் ஒட்டுகள் என்று போட்டு, கீழே டீச்சர், டிரைவர், சிங்கர். தலைகீழ். இவனுக்கு எப்படி இப்படிப் புத்தி போயிற்று என்று நினைத்துக்கொண்டே அலமாரியிலிருந்து என் குறிப்புத்தாளை எடுத்தேன்.

தலைப்புகள் இரண்டும் இடம் மாறி இருந்தன. நான் அடித்தது. நான் நகல் எடுத்தது. தொண்ணூற்றாறு பிரதி.

அவனிடம் அப்புறம் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். வகுப்பில் போர்டில் சரியாகத்தான் போட்டேன். போட்டு என்ன? அவர்கள் படித்தது தாளைத்தானே. தேறியவர்களும் மற்ற கேள்விகளில் தப்பிப் பிழைத்தவர்கள்தான்.

மூன்றாவது பெஞ்சுப் பெண் அன்றைக்கே வராந்தாவில் காட்டினாள். அவளும் தோற்றவர்கள் பட்டியலில் இருக்கிறாள். முப்பத்தேழு. தேற மூன்று குறைவு.

ஜனவரி 23

மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். “யாருக்காவது தெரியுமா?”

“இல்ல.”

“மார்ச்சுல உங்க கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும். அது முடியட்டுமே.”

அவளைக் குறை சொல்ல முடியாது. பதினொரு வருடமாக ஒவ்வொரு மார்ச்சிலும் என்னோடு சேர்ந்து கடிதம் வருமா என்று காத்திருப்பவள். ஆனால் மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் பிப்ரவரி 4.

ஜனவரி 27

சொல்லவில்லை.

ஜனவரி 28

இன்றும் சொல்லவில்லை. துறைத் தலைவர் அறை வாசல் வரை போய், உள்ளே யாரோ இருந்ததால் திரும்பினேன். யாரோ இருந்தது எனக்குச் சௌகரியமாக இருந்தது. இதையும் எழுதி வைக்கிறேன், பின்னால் மறந்துவிடக் கூடாது.

ஜனவரி 30

சொல்லிவிட்டேன். குறிப்புத்தாளையும் காட்டினேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. “எழுதி மட்டும் கொடுத்துடாதீங்க. எழுத்துல வந்துட்டா நான் பதில் சொல்லணும்” என்றார். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

ஜனவரி 31

எழுதிக் கொடுத்துவிட்டேன். தவறு முழுக்க என்னுடையது, அந்த ஒரு கேள்வியை விலக்கிவிட்டு மற்றவற்றை வைத்து மதிப்பிட வேண்டும், தேர்வுப் பிரிவுக்கு உடனே அனுப்ப வேண்டும் என்று ஒரு பக்கம். தலைவர் வாங்கி, மேஜையில் இருந்த கோப்புகளுக்கு அடியில் வைத்தார். மேலே வைக்கக் கூடாதா?

பிப்ரவரி 10

தேர்வுப் பிரிவுக்கு நேரிலேயே போனேன். கடிதம் 6ஆம் தேதிதான் வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டே இரண்டு நாள் தாமதம். நான் பயந்து பயந்து தள்ளிப்போட்ட நாட்கள் எட்டு. தலைவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அங்கிருந்த எழுத்தர் நல்ல மனுஷன். உட்காரச் சொல்லி, கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கெடுவுக்குள் வந்திருந்தாலும் கஷ்டம்தான் என்றார். “விடை தப்புன்னா தப்பு சார். யார் சொல்லிக்கொடுத்து தப்பாச்சுன்னு எழுத ஃபாரத்துல கட்டமே இல்ல.”

அந்த ஃபாரத்தை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். இல்லை.

பிப்ரவரி 12

தோற்ற ஐம்பத்தேழு பேரையும் வரச் சொன்னேன். முப்பத்தொரு பேர் வந்தார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். என் தப்பு, உங்களுடையது இல்லை என்றேன். கத்துவார்கள், குறைந்தபட்சம் ஒருவனாவது எழுந்து கேட்பான் என்று எதிர்பார்த்தேன். கடைசியில் சோளம், “பரவாயில்ல சார்” என்றான்.

ஏன்டா பரவாயில்லை? ஒரு வருஷம்டா. என்ன பரவாயில்லை? வாய்விட்டுக் கேட்கவில்லை. சனிக்கிழமைதோறும் மறுதேர்வுக்கு வகுப்பு எடுக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாவது பெஞ்சுக்காரி வரவில்லை. விடுதி அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாளாம்.

பிப்ரவரி 16

முகவரி வாங்கிக்கொண்டு போனேன். பேருந்தில் மூன்றரை மணி நேரம். இரண்டாவது மாடியில் ஒரு சின்ன வீடு. அப்பா லிஃப்ட் பழுதுபார்ப்பவர், முழங்கால் போய் ஆறு மாதமாக வேலைக்குப் போகவில்லை. நான் யாரென்று தெரிந்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தப்பு எல்லாருக்கும் வரும் சார்” என்றார். இவரும் அதையேதான் சொல்கிறார். யாராவது என்னைச் சட்டையைப் பிடித்துக் கேட்டால் என்ன?

அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். “அன்னைக்கே கண்டுபிடிச்சியேம்மா. பரீட்சையில உனக்குத் தோணினதை எழுதியிருக்கலாமே.”

“எழுதினேன் சார். முதல்ல போர்டுல இருந்தபடிதான் எழுதினேன்.” தம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். “அப்புறம் நீங்க பார்த்துப் பார்த்துத் தயாரிச்சதுன்னு சொன்னது ஞாபகம் வந்துச்சு. அடிச்சுட்டு மாத்தி எழுதிட்டேன்.”

தண்ணீர் குடித்தேனா இல்லையா, நினைவில்லை. பெரிய பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள், பையன் இந்த வருடம்தான் பள்ளி முடிக்கிறான், யாராவது ஒருவர் வேலைக்குப் போயாக வேண்டும் என்று அப்பா சொன்னார். தேறியிருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பார்களாம், ஒரு வருடம் சும்மா உட்கார வைக்க முடியாதாம். சனிக்கிழமை வகுப்பு என்று ஆரம்பித்து, மூன்றரை மணி நேரப் பேருந்து நினைவுக்கு வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன். என் பாடக் குறிப்பு நோட்டை மட்டும் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 8

சனிக்கிழமை வகுப்பு. முதல் வாரம் இருபத்துமூன்று பேர். இன்று ஒன்பது.

மார்ச் 21

கான்ட்ராக்ட் புதுப்பித்துவிட்டார்கள். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விளக்கம் கேட்கவில்லை, எச்சரிக்கவில்லை. யாருமே அதைப் படிக்கவில்லை என்று தோன்றுகிறது. மனைவி, “நல்லவேளை” என்றாள். நல்லவேளைதான். எட்டு நாள் எதற்குப் பயந்தேனோ அது நடக்கவே இல்லை. அந்த எட்டு நாளைத் திரும்பக் கேட்டு நான் யாரிடம் போவது?

ஏப்ரல் 24

மறுதேர்வு. கண்காணிப்பு எனக்குக் கொடுக்கவில்லை. வேறு ஊர் மையங்களிலும் எழுதலாம் என்பதால் எத்தனை பேர் எழுதினார்கள் என்று தெரியவில்லை. சோளம் எழுதினான்.

மே 29

சோளம் தேறிவிட்டான். மொத்தம் பத்தொன்பது பேர். பட்டியலில் வெறும் எண்கள்தான். அவளுடைய எண் என்னவென்று எனக்குத் தெரியாது. விசாரித்திருக்கலாம். இல்லை என்று வந்துவிட்டால்?

ஜூன் 18

மைத்துனர் வீட்டு விசேஷத்துக்குக் குடும்பத்தோடு வெளியூர் வந்த இடத்தில் கடைவாய்ப் பல் உயிரை எடுத்துவிட்டது. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பல் மருத்துவமனை. வலியில் எதையும் கவனிக்கவில்லை. பிடுங்கி முடித்து, பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தால் வரவேற்பு மேஜையில் மூன்றாவது பெஞ்சுக்காரி இருக்கிறாள். நான் உள்ளே இருந்தபோது வேலை நேரம் மாறியிருக்கிறது.

எழுந்து நின்றாள். எனக்குப் பாதி வாய் மரத்துக் கிடந்தது. பேச வாயெடுத்தேன், என்னவோ சத்தம்தான் வந்தது.

“பேசாதீங்க சார், பஞ்சு நழுவிடும்” என்றாள். மாத்திரைச் சீட்டில் காலை, இரவு என்று குறித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: “மறுதேர்வு இங்க பக்கத்துல எழுதினேன் சார். எழுபத்தாறு.”

நான் கையால் எங்கள் ஊர்ப் பக்கமாகக் காட்டினேன், திரும்பப் படிக்க வருகிறாயா என்று. அவளுக்குப் புரிந்தது.

“இல்ல சார். இங்கேயே இருந்துடுவேன். பாஸாகணும்னு மட்டும் இருந்துச்சு.”

அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். என் பக்கம் திரும்பி, இரண்டு மணி நேரத்துக்குச் சூடாக எதுவும் சாப்பிடக் கூடாது, அந்தப் பக்கம் மெல்லக் கூடாது என்றாள். நான் தலையாட்டினேன்.