பின் பிரேக்கும் நம்பள்கி தமிழும்

நவம்பர் 21, வெள்ளி

இவ்வளவு நாள் பேசாமல் இருந்தது போதும்.

ஜும்ஆ தொழுகை முடிந்து, தொப்பியைக் கழற்றாமலே வேலூரில் அந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். ஸ்கூட்டருக்குப் பின் பிரேக் ஷூ வேண்டும் என்று தெளிவாகத்தான் கேட்டேன். கவுண்டரில் நின்றவன் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தான்.

“டேய், நம்பள்கி வண்டி நிக்கமாட்டான்! நிம்பள்கி பிரேக் எட்த்துகினு வர்றான்!”

சினிமாவில் பாய் வேஷம் போடுகிறவர்கள் பேசும் தமிழ். கடையே சிரித்தது. போன முறையும் இதே வேடிக்கைதான். மேல்விஷாரத்தில் எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்தான் பேசுகிறோம். உருதுவில் எனக்கு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல வராது.

“நல்ல தமிழ்லயே பேசு தம்பி, எனக்குப் புரியும்” என்றேன்.

“அட, பாய் கோச்சிக்கினாரு! சும்மா தமாஷ் பாய். பிரியாணி எப்போ போட்றீங்க?”

கல்லாவில் இருந்த முதலாளியும் சிரித்தார். அவர் மகள் கல்லூரியில் என்னிடம்தான் தமிழ் படித்தாள். அது அவருக்குத் தெரியும். அவனை ஒரு வார்த்தை அதட்டவில்லை. அதை மறக்கமாட்டேன்.

பிரேக் ஷூ வாங்காமலே வந்துவிட்டேன். திங்களன்று கல்லூரிக்குப் பஸ்தான்.

இதை இப்படியே ஊர் முகநூல் குழுவில் போடப்போகிறேன். அங்கே பெயரை மறைத்துப் போடலாம்; அப்படித்தான் போடுவேன். பயந்துகொண்டு அல்ல. என் பெயரைப் பார்த்தால் இதையும் நம்பள்கி குரலில்தான் படிப்பார்கள்.