சொல்லாமல் விட்ட நல்ல நாட்கள்

9.7.2007, திங்கள்
காலையிலிருந்து தூறல். யூனிஃபார்ம் காயவில்லை.
வசந்தி அக்கா இன்றும் பாயைவிட்டு எழவில்லை. பேச்சும் இல்லை. பன்னிரண்டாவது நாள். சாயந்திரம் கைத்தாங்கலாகப் பம்மலில் வழக்கமான டாக்டரிடம் கூட்டிப்போனோம். மூன்று நிமிஷம் (என் வாட்ச்சில்). "நரம்பு வீக்னஸ்மா, ஊசி போட்டுடலாம்." போன வருஷமும் இதே வார்த்தை, இதே ஊசி.
படியில் கீழ்வீட்டு சரோஜாக்கா: "இன்னாத்துக்கு ஊசி? கல்யாணம் பண்ணிக் குடு, எல்லாம் சரியாப் பூடும்." அம்மா தலையாட்டினாள். எனக்குக் கோபம்.

10.7, செவ்வாய்
நூலகம். மனநோய் பற்றி ஒரே ஒரு புத்தகம். இளம்பெண்களுக்கு மணமானால் குணமாகுமாம். சரோஜாக்காவேதான்! முன்பக்கம் பார்த்தேன். அப்பா பிறப்பதற்கு முன்னால் அச்சானது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.
லேபில் பயாலஜி மிஸ்ஸிடம் அக்காவைப் பற்றிச் சொன்னேன். மிஸ்: "இதுக்குன்னே எம்.டி. படிச்சவங்க இருக்காங்கடி. முழுசா விசாரிக்காம மருந்து எழுதினா எழுந்து வந்துடு."

12.7, வியாழன்
பள்ளி விட்டதும் தாம்பரம். நாலு டாக்டர் போர்டு பார்த்தேன். ஒன்றில் எம்.டி., சைக்கியாட்ரி. சனிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள்.
அம்மா: "பைத்தியக்கார டாக்டரா? யாராவது பாத்துட்டா?"
"அதே பில்டிங்ல கீழ பல் டாக்டர்மா. பல்வலின்னு சொல்லிக்கலாம்."

14.7, சனி
ஷேர் ஆட்டோ. லேடி டாக்டர். ஐம்பது நிமிஷம்!
"இதுக்கு முன்னாடி எப்படி இருந்தாங்க?"
அம்மா: "ரொம்ப நல்லா இருந்தா டாக்டர். ஒரே சுறுசுறுப்பு."
"தூங்கினாங்களா? எத்தனை நாள் அப்படி?"
அம்மா என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியும். ஏப்ரலில் அக்கா ஐந்து நாள் தூங்கவில்லை. ஆறு ஜாக்கெட் தைத்தாள். பேச்சு ஓயவில்லை. தெருவுக்கே சுடிதார் தைத்துத் தருவதாக வாக்கு. சந்தோஷம் என்று நினைத்தோம். நல்லா இருந்த நாளை டாக்டரிடம் யார் சொல்வார்கள்?
எல்லாம் இந்த டைரியில். அதே பக்கத்தில், 'இவள் என் அக்கா என்று சொல்லவே வெட்கம்' என்றும்.
அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கத்தைப் பிரித்து டாக்டரிடம் கொடுத்தேன்.
டாக்டர் படித்தார், தேதிகளைக் குறித்தார். "சோர்வு, வேகம், ரெண்டு பக்கமும் இருக்கு. பைபோலாரா இருக்கலாம். அவசரப்பட்டுப் பேர் வைக்க வேணாம். பிளட் டெஸ்ட் எடுத்துட்டு அடுத்த சனி வாங்க." அக்கா டைரியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
திரும்பும்போது ஆட்டோவில் டைரியை வாங்கிக்கொண்டாள்.
"ஜாக்கெட் ஆறு இல்லடி, ஏழு. பேனா குடு."
ஏப்ரல் பக்கத்தில் ஆறை அடித்து, ஏழு என்று கோணலாக எழுதினாள். அதற்குக் கீழே இருந்த 'வெட்கம்' வரியை அடிக்கவில்லை.