ஒரு மூடி பிராந்தி

செப்டம்பர் 14, ஞாயிறு

தோற்றோம். எங்கள் ஃபுட்பால் அணிக்கு இந்த வருஷம் சொந்த ஊரில் முதல் ஆட்டம், அதுவும் மழையில்.

ஆனாலும் மனசு நிறைந்திருக்கிறது. தம்பி நார்பர்ட் வந்திருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் பீர் வாடை அடிக்கும் இடத்துக்கு அவன் வருவது இதுதான் முதல் முறை. எங்கள் கிரீன் பே ஊரில் பீர் வாடை அடிக்காத இடம் தேவாலயம் ஒன்றுதான், அதுவும் திருவிழா அன்று கிடையாது.

விடிந்ததுமே மைதானத்துக்கு வெளியே எங்கள் வழக்கமான இடத்தில் வண்டியின் பின்கதவைத் திறந்து அடுப்பைப் பற்றவைத்தோம். சாசேஜை பீரிலும் வெங்காயத்திலும் வேகவிட்டு அப்புறம் கரியில் வாட்டுவதுதான் முறை. நார்பர்ட்டுக்கு மட்டும் தனிச் சட்டியில் வெறும் வெங்காயத் தண்ணீர். ஒரு கடி கடித்துவிட்டு, "அக்கா, இது ஆஸ்பத்திரியிலயே கிடைச்சுதே" என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

உள்ளே போகுமுன் பிராந்தி பாட்டில் சுற்றி வந்தது. அப்பா காலத்து வழக்கம். பாட்டில் மூடியால் ஆளுக்கு ஒரு மூடி. ஒருவர் குடிக்காமல் விட்டாலும் ஆட்டம் போச்சு என்பது நம்பிக்கை. நார்பர்ட் மூடியில் இஞ்சி சோடாவை ஊற்றிக் குடித்தான். என் வீட்டுக்காரர் கிளீட்டஸ் பார்த்தும் பார்க்காததுபோல் நின்றார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மறுபடியும் தோல்வி. நார்பர்ட் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோதுதான் கிளீட்டஸ் வாயைத் திறந்தார்.

"இஞ்சி சோடாவுக்கெல்லாம் எந்தச் சாமியும் இறங்கி வராது ஆர்டிஸ்."

சிரித்துவிட்டேன். பின்சீட்டிலிருந்து நார்பர்ட் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டுப் போனான். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

தலைவலி என்று நார்பர்ட் வரவில்லை. ஜெயித்தோம். அவன் இருக்கையில் எங்கள் போர்வை கிடந்தது.

சாயங்காலம் போன் செய்தான். குரலில் அத்தனை சந்தோஷம். "பாத்தியாக்கா, நான் வரலைன்னதும் ஜெயிச்சுட்டாங்க. இனிமே வீட்லயே இருந்துக்கறேன்." பைத்தியமாடா உனக்கு என்று திட்டினேன். ஆனால் நான் மட்டும் யோக்கியமா? ஜெயித்த அன்று போட்டிருந்த சாக்ஸை இன்னும் துவைக்காமல் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

ஜெயித்தோம். மச்சான் வீட்டில் இருக்கும்வரை நமக்குக் கவலையே இல்லை என்று கிளீட்டஸ் பக்கத்து வண்டிக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வேடிக்கையாகத்தான் சொல்கிறார். வேடிக்கைதானே?

நவம்பர் 9

ஜெயித்தோம். சந்தோஷப்பட முடியவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

பாதி ஆட்டத்திலேயே எழுந்து வந்துவிட்டேன். அந்தக் காலி இருக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆட்டம் பார்க்க முடியவில்லை. நேரே நார்பர்ட் வீட்டுக்குப் போனேன்.

பட்டப்பகலில் திரையை இழுத்து விட்டிருந்தான். ரேடியோவில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. முகத்தில் ஒரு வாரத் தாடி. மேஜைமேல் பிராந்தி பாட்டில், சீல் உடைக்காதது. என்னைப் பார்த்ததும் அதை மறைக்கக்கூட இல்லை.

"ஒரே ஒரு மூடிக்கா. எல்லாரும் குடிக்கிற அந்த ஒரு மூடி. அதை மட்டும் குடிச்சுட்டா நானும் வரலாம்ல? ஆட்டமும் ஜெயிக்கும்."

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். உன்னால் ஒரு மூடியோடு நிறுத்த முடியாது, அடுத்த தடவை ஈரல் தாங்காது என்று அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் ஒப்பித்தான். எல்லாம் தெரிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தனியாக இருக்கத்தான் தெரியவில்லை என் தம்பிக்கு.

கேட்டதும் பாட்டிலைக் கொடுத்துவிட்டான். ரேடியோவில் ஊரே ஆர்ப்பரிக்கிற சத்தம். ஜெயித்துவிட்டோம். "நல்லவேளை" என்றான் நார்பர்ட். நான் காபி போடப் போனேன்.

நவம்பர் 24, திங்கள்

கிளீட்டஸிடம் பேசினேன். கத்தினேன் என்றே எழுதலாம். என்ன மனுஷன் இவரு? போன வருஷம் இவரு கால் ஒடிஞ்சு கிடந்தப்ப நம்ம வாசல் பனியை யாரு வாரிப் போட்டது? அவன் அங்க செத்துக்கிட்டிருக்கான், இவருக்கு ஆட்டம் கேக்குது, ஆட்டம் —

விளையாட்டுக்குத்தான் சொன்னேன் என்றார். அவன் நம்பிவிட்டான் என்றேன்.

"நானும்தான் நம்பிட்டேன்" என்றார்.

அதற்குமேல் என்னால் திட்ட முடியவில்லை.

டிசம்பர் 7

வெளியூர் ஆட்டம், டிவியில் பார்த்தோம். நடுவில் கிளீட்டஸ் எழுந்துபோய் நார்பர்ட்டுக்குப் போன் செய்தார். என்ன பேசினார்களோ, நான் கேட்கவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

இன்று ஜெயித்தால் அடுத்த சுற்றுக்குப் போகலாம், தோற்றால் இந்த வருஷம் அவ்வளவுதான். கையில் பிடித்திருந்த பீர் கேனிலேயே உறைந்துபோகிற குளிர்.

காலையில் என்னிடம்கூடச் சொல்லாமல் கிளீட்டஸ் போய் நார்பர்ட்டைக் கூட்டி வந்தார். இன்றைக்கு மட்டும் வேண்டாம், இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று அவன் அடம் பிடித்திருக்கிறான். இவரே பூட்ஸை எடுத்து மாட்டிவிட்டாராம். பாட்டில் சுற்றி வந்தது. நார்பர்ட்டின் முறை வந்தபோது மூடியில் இஞ்சி சோடாவை ஊற்றிக் கொடுத்ததும் இவர்தான்.

பாதி ஆட்டம் முடிந்தபோது பதினேழு புள்ளி பின்தங்கியிருந்தோம். முன்வரிசைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் கதை அவர்களுக்கும் தெரியும். நார்பர்ட் கையுறையை மாட்டிக்கொண்டு எழுந்தான்.

"நான் கிளம்பறேன். இன்னும் நேரம் இருக்கு, ஜெயிச்சுடலாம்."

முகத்தில் வருத்தமே இல்லை. நமக்கு நல்லது செய்துவிட்டுப் போகிறவன் போலத்தான் நின்றான். நான் ஏதாவது சொல்வதற்குள் கிளீட்டஸ் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

"உக்காரு மச்சான். தோத்தா தோத்துட்டுப் போறோம்."

இருபத்தாறு வருஷமாக இந்த மனுஷனோடு குடும்பம் நடத்துகிறேன். இப்படி ஒரு வார்த்தை இவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. நார்பர்ட்டும் கேட்டதில்லை போல. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உட்கார்ந்தான்.

தோற்றோம், நன்றாகவே தோற்றோம். பாதிக் கூட்டம் எழுந்து போன பிறகும் நாங்கள் மூன்று பேரும் கடைசி வரை உட்கார்ந்திருந்தோம். நடுவரைத் திட்டித் திட்டி இரண்டு ஆண்களுக்கும் தொண்டை கட்டிவிட்டது.