லைன்ல இருங்க

மார்ச் 3, திங்கள்

"டீச்சர், ரெண்டையும் சேர்த்து மாத்திட்டீங்களே, எதனால எரிஞ்சதுன்னு எப்படித் தெரியும்?"

எட்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டது. பல்பு எரியவில்லை. மணி அடிக்கப் போகிறதே என்று பேட்டரியையும் ஒயரையும் ஒரே மூச்சில் மாற்றினேன். எரிந்தது. வகுப்பே கைதட்டியது. அவள் ஒருத்தி மட்டும் கை தூக்கினாள். இன்று முழுக்க அவள் ஞாபகம்தான்.

சனிக்கிழமை புது இணைப்பு வந்தது. பழைய கம்பி மாடியில் அக்கா அறை ஜன்னல் வழியாக வரும், ரூட்டரும் அங்கேதான். புதுக் கம்பி வாசல் வழியாக வந்தது. புது ரூட்டர் ஹாலில், டிவிக்கு மேலே. நெட்காரர், "பேர் என்னம்மா வெக்கலாம்?" என்றார். "பழைய பேரே இருக்கட்டும். பாஸ்வேர்டும் அதேதான்" என்றேன். சொன்னதை அடித்துவிட்டுச் சிரித்தார். 'லைன்ல இருங்க'. அக்கா வைத்த பேர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்திரண்டு வருஷம் அதையே சொல்லிச் சம்பளம் வாங்கியவள்.

இணைப்பு, பெட்டி, இடம். மூன்றையும் ஒரே நாளில் மாற்றியிருக்கிறேன். கடைசி பெஞ்ச் என்னைச் சும்மா விடுமா?

இன்று நாலு மணிக்கு டேப்லெட்டில் அக்காவோடு வீடியோவில் பேசும்போது மூன்று முறை படம் உறைந்தது.

மார்ச் 4, செவ்வாய்

ஐந்து முறை.

மார்ச் 5, புதன்

மற்றவர்களுக்குப் படம் நின்றாலும் குரல் வந்தால் போதும். எங்களுக்குப் போதாது. அக்காவுக்குக் காது முழுசாகப் போய் ஆறு வருஷம். உதட்டைப் பார்த்துத்தான் படிக்கிறாள். அவள் அதைக் கற்றதே என் வாயைப் பார்த்துத்தான். சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். 'பாலு'க்கும் 'மாலு'க்கும் உதடு ஒரே மாதிரி மூடுகிறது என்று ஒரு மாதம் சண்டை போட்டோம்.

போன ஆகஸ்டில் அவள் மகன் வந்து தன்னோடு கூட்டிக்கொண்டு போனான். கடல் தாண்டிய ஊர். அந்த வீட்டில் அவனைத் தவிர எல்லோருக்கும் வேறு மொழி. அவனுக்கோ காடு மாதிரி தாடி. "அதுக்குள்ள என்ன பேசறான்னு எனக்கு எப்படித் தெரியும்? பொம்மை மாதிரி தலையாட்டறேன்" என்கிறாள். அவன் எழுதிக் காட்டுவான். 'சாப்பிட்டியா', 'மாத்திரை'. அதற்கு மேல் போகாது.

அதனால் நாலு மணி. எனக்குச் சாயங்காலம், அவளுக்குக் காலை. மேற்கு ஜன்னல் வெளிச்சம் நேராக முகத்தில் விழும் என்று சாப்பாட்டு மேஜையில்தான் உட்காருவேன்.

இன்று வாய் திறந்தபடி உறைந்துவிட்டேன் போல. "ஏண்டி அப்படியே நிக்கற? ஈ போயிடப் போகுது" என்றாள். சிரித்தேன். சிரித்தது அவளுக்குப் போய்ச் சேரவில்லை. கொஞ்ச நேரத்தில் மெசேஜ்: 'நீ கட் பண்ணியா?'

நானா!

மார்ச் 7, வெள்ளி

முறையாகத் தொடங்கிவிட்டேன். கோடு போட்ட தாளில் அட்டவணை. ஒரு தடவைக்கு ஒரே மாற்றம்.

ரூட்டரை அணைத்துப் போட்டேன். பயனில்லை. டிவியிடமிருந்து தள்ளி ஷோகேஸ் மேல் வைத்தேன். பயனில்லை. மைக்ரோவேவ் ப்ளக்கைப் பிடுங்கினேன். பயனில்லை, காப்பி ஆறிப்போனதுதான் மிச்சம். டேப்பையும் அணைத்துப் போட்டேன். பத்து நிமிடம் நன்றாக ஓடியது. நான் பெருமையாக 'சரி' என்று குறித்து முடிப்பதற்குள் நின்றது.

மார்ச் 8, சனி

நெட்காரர் வந்தார். ஹாலில் நின்று தன் போனில் வேகம் பார்த்தார். "பறக்குதும்மா! உங்க டேப்புக்குத்தான் வயசாயிடுச்சு."

"வயசானா பேசக் கூடாதா?"

பாவம், அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. டீ கொடுத்தேன். போகும்போது, "மாடியில ஏதாவது இருக்காம்மா?" என்றார். "ஒண்ணும் இல்ல, ரூம் பூட்டிக் கிடக்கு" என்றேன்.

ஏன் அத்தனை அவசரமாகச் சொன்னேன்? ஒன்றுமா இல்லை? அவள் கட்டில் இருக்கிறது. வீட்டுச் செருப்பு இருக்கிறது. பழைய ரூட்டர் இருக்கிறது. அது எரிந்துகொண்டும் இருக்கிறது, அணைக்கவில்லை. லைன் இல்லாத பெட்டி யாரை என்ன செய்துவிடப் போகிறது?

மார்ச் 9, ஞாயிறு

ஹாலில் உட்கார்ந்து பேசிப் பார்த்தேன். அங்கே படம் நிற்கவில்லை. ஆனால் ஹாலில் வெளிச்சமே கிடையாது. ட்யூப் லைட்டைப் போட்டால் மூக்கு நிழல் உதட்டில் விழுகிறது. மேஜை விளக்கைத் தூக்கி வந்தேன், என் மூக்குக்கண்ணாடியில் பளபளத்தது.

அக்கா கண்ணைக் கசக்கினாள். "விடுடீ. கண்ணும் வலிக்குது, மனசும் வலிக்குது. இனிமே லெட்டர் போடு."

"லெட்டரா?"

"ஆமா. இந்த வாய் படிக்கறதையே விட்டுடலாம்னு இருக்கேன். இங்க யார் வாயைப் பார்த்து நான் என்ன பண்ணப் போறேன்?"

விட்டுடறதா? ஒரு மாதம் படிக்காமல் இருந்தால் போய்விடும், அவளே சொல்லியிருக்கிறாள். அப்புறம்? நாள் முழுக்க வாயசைக்கிற ஜனங்களுக்கு நடுவுல சும்மா உக்கார்ந்திருப்பாளா? எங்க அக்காவா? ஒரே நேரத்துல நாலு பேரோட பேசினவ!

"ஒரு வாரம் குடு" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

மார்ச் 11, செவ்வாய்

டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஐந்தடிக்கு ஒரு முறை நின்று சிக்னல் கோடுகளை எண்ணினேன். பார்ப்பவர்கள் புதையல் தேடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். ஹாலில் முழுக் கோடு. நடையில் இரண்டு. சமையலறை வாசலில் ஒன்று. சாப்பாட்டு மேஜையில் மறுபடியும் முழுக் கோடு!

விளக்கை விட்டு விலகினால் வெளிச்சம் குறைய வேண்டும். எத்தனை வகுப்பில் மெழுகுவர்த்தி வைத்துக் காட்டியிருக்கிறேன்? இங்கே விலக விலகக் கூடுகிறது. அதுவும் முழுக் கோடு இருக்கும் இடத்தில்தான் பேச்சு நிற்கிறது.

நாலு மணிக்கு ஹாலில் உட்கார்ந்து, அட்டவணையைப் பெரிய எழுத்தில் எழுதி அவளுக்குக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தாள். எக்ஸ்சேஞ்சில் போர்டு முன் உட்கார்ந்திருக்கும் அதே முகம். அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது எத்தனை நாள் பார்த்திருக்கிறேன். கையில் ஒரு இணைப்புக் கயிறு, தோளில் இன்னொன்று, கண் மட்டும் விளக்குகள் மேல்.

"கோடு நிறைய இருக்கு, பேச்சு வரல. அப்படின்னா நீ வேற போர்டுல மாட்டியிருக்கே" என்றாள். "ஒரே பேர்ல ரெண்டு இருக்காடீ அந்த வீட்டுல?"

அட்டவணையைக் கீழே வைத்தேன்.

"என் ரூம்ல இருந்தது எங்க?"

குனிந்துகொண்டு ஏதோ சொன்னேன்.

"நிமிர்ந்து பேசு. வாய் தெரியல."

நிமிர்ந்தேன். "அங்கயேதான் இருக்கு. எரிஞ்சுகிட்டிருக்கு."

"லைன் இல்லாததை எதுக்குடீ எரிய விட்டிருக்கே?"

"கடைக்குப் போயிட்டு வரும்போது தெருவுலேர்ந்து உன் ஜன்னல் தெரியும். அந்தப் பச்சை விளக்கு எரிஞ்சா நீ உள்ள இருக்கற மாதிரி இருக்கும்."

"மெதுவா. திரும்பச் சொல்லு."

இரண்டாம் முறை சொல்வது எவ்வளவு கஷ்டம்! உதட்டைப் பிரித்துப் பிரித்து, பாடம் நடத்துவது போலச் சொன்னேன். இந்த முறை படித்துவிட்டாள். கொஞ்ச நேரம் படம் உறைந்த மாதிரியே இருந்தது. உறையவில்லை, அவள்தான் அசையவில்லை.

"நான் அங்க இல்லடீ, இங்க இருக்கேன். அதைப் பிடுங்கிப் போடு. இல்லன்னா உன் டேப் என்னைத் தேடிக்கிட்டு அந்த ரூமுக்கேதான் போகும்."

அவள் அறை சாப்பாட்டு மேஜைக்கு நேர் மேலே. எனக்கு ஏன் தோன்றவில்லை? பேரும் பாஸ்வேர்டும் ஒன்றாக இருந்தால் டேப் பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்கிறது. அதற்குப் பின்னால் லைன் உண்டா இல்லையா என்று அது கேட்பதில்லை.

மார்ச் 12, புதன்

மாடிப்படியில் பாதி வரை போனேன். முட்டி வலி என்று எழுதலாம். இல்லை.

மார்ச் 13, வியாழன்

காலையில் பூட்டைத் திறந்தேன். மேஜையில் தூசி. ரூட்டரின் முதுகில் அவள் கையெழுத்தில் பாஸ்வேர்டு ஒட்டியிருக்கிறது. கீழே சின்னதாக, 'இதைக் கேட்க மாடி ஏறி வராதே, உனக்கு முட்டி வலி'. இத்தனை நாள் பெட்டியைத் திருப்பிப் பார்த்ததே இல்லை. மாடி ஏறாமல் இதை எப்படிப் படிப்பதாம்? எப்போது ஒட்டினாள்?

ப்ளக்கைப் பிடுங்கினேன். விளக்கு உடனே அணையவில்லை. ஒரு மூச்சு விடும் நேரம் இருந்து, பிறகு போயிற்று.

நாலு மணி. சாப்பாட்டு மேஜை, மேற்கு ஜன்னல். ஒரு கோடுதான். ஐம்பத்திரண்டு நிமிடம், ஒரு முறை கூட உறையவில்லை. எங்கள் பழைய தலைமையாசிரியை மேஜைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூங்கியதையும், பிள்ளைகள் அதை ஒளித்து வைத்ததையும் சொன்னேன். அக்கா இருமுகிற அளவுக்குச் சிரித்தாள். கடைசியில், "போதும்டீ, வாயை மூடு, என் கண்ணுக்கு ஓய்வு வேணும்" என்றாள். லெட்டர் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

முறைப்படி பார்த்தால் அதை மறுபடி மாட்டி, மறுபடி உறைகிறதா என்று சோதிக்க வேண்டும். கடைசி பெஞ்ச் கேட்கும். கேட்கட்டும். அந்த ஒரு மதிப்பெண் எனக்கு வேண்டாம்.

மார்ச் 16, ஞாயிறு

கடையிலிருந்து திரும்பும்போது நிமிர்ந்து பார்த்தேன். வெறும் ஜன்னல். பையைக் கை மாற்றிக்கொண்டு உள்ளே வந்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று அக்காவுக்குப் பக்கத்தில் யாரோ ஒருவர். யாரென்று ஒரு நிமிடம் தெரியவில்லை. கன்னமும் மோவாயும் வெள்ளையாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

"சித்தி, நான்தான். தாடியை எடுத்துட்டேன்."

"ஏண்டா?"

"நீங்க பேசறப்ப மட்டும் அம்மா சிரிக்கறாங்க. நானும் பேசிப் பார்க்கலாமேன்னு." மோவாயைத் தடவிக்கொண்டான். "இப்ப நான் வாய்க்குள்ள முணுமுணுக்கறது கூடத் தெரிஞ்சுடுது. காலையிலேர்ந்து ரெண்டு சண்டை."

"மூணு" என்றாள் அக்கா, அவன் வாயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இந்த நோட்டு என்றைக்காவது யார் கைக்காவது போனால், அவர்களுக்கு ஒன்று. புது ரூட்டர் மாட்டியும், சிக்னல் கோடு நிறைய இருந்தும் பேச்சு நின்று நின்று வந்தால், வேறு எதையும் தொடாதீர்கள். பழைய ரூட்டரின் ப்ளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு, உங்களுக்குப் பேச வேண்டியவரை ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள்.