படத்தின் கீழ்மூலை

வட்டகொடை,
ஞாயிறு காலை.

அன்புள்ள மாப்பிள்ளை விஜிதரனுக்கு,

மாமா கந்தப்பன் எழுதுகிறேன். முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் நம்பர் மலையில் நேற்று மறுபடியும் கொழுந்து எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். உங்கள் வினோதாவும் போனாள். வேலை முடிந்து வரும் வழியில் எங்கள் வீட்டு வாசலில் நின்று தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் லயத்து வீட்டுக்குப் போனாள். காலில் இருந்த காயம் காய்ந்து பொருக்கும் விழுந்துவிட்டது. அவள் போனில் "ஒண்ணுமில்லங்க" என்று சொல்வதை நீங்கள் முழுதாக நம்புவதில்லை என்று தெரியும். நான் கண்ணால் பார்த்து எழுதுகிறேன். நம்புங்கள்.

இந்தக் காலத்தில் யார் தாளில் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீங்கள் சிரிக்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. சிறுத்தை இருந்த இடத்தைப் போனில் எழுதினால் அது ஒரு விரல் தட்டலில் நூறு பேருக்குப் போய்விடும். நாளைக்கே கெமராவோடும் கம்பிச் சுருக்கோடும் ஆட்கள் வந்து நிற்பார்கள். அதனால் பூண்டுலோயா பிரதாப் லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்பும்போது அவர் கையில் இதைக் கொடுத்துவிடப் போகிறேன். இரண்டாவது காரணம் கீழே வரும்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததும் இதில் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கணக்குப் பாடத்தில் விடையை மட்டும் எழுதினால் நான் முழுப் புள்ளி போட்டதில்லை. செய்முறையும் வேண்டும்.

அந்தப் புதன்கிழமை காலையில் எட்டாம் நம்பர் மலைக்கு மேலுள்ள ரோட்டில் நின்றிருந்தேன். ஆள் இல்லாமல் ஒரு வருடமாகக் காடாகக் கிடந்த மலை அது. தேயிலை என் தோளுக்கு மேலே வளர்ந்திருந்தது. மழைத்தண்ணி ஓடும் கானுக்குப் பக்கத்தில் ஒரு கிளையில் காதோரம் மஞ்சள் தூவல் உள்ள கொண்டைக்குருவி வந்து உட்கார்ந்தது. அதைத் தேடி நான் எத்தனை காலை நனைந்திருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். வாயைத் திறந்து, கழுத்தை நீட்டி, கீழே பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. பறக்கவே இல்லை. இருபது படம் எடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அதில் நல்லதொன்றைத் தெரிவு செய்து போனுக்கு மாற்றி, போனிலேயே என் வழக்கப்படி பின்னால் உள்ளதையெல்லாம் இருட்டாக்கினேன். என் பழக்கத்தைத்தான் நீங்கள் எப்போதும் திட்டுவீர்களே, "நிழலா உள்ளதெல்லாம் தார் ஊத்துன மாதிரி ஆக்கிடுறீங்களே மாமா" என்று. முப்பத்திரண்டு வருடம் கரும்பலகையில் வெள்ளைக் கட்டியால் எழுதியவன் நான். பின்னால் கறுப்பாக இருந்தால்தான் முன்னால் இருப்பது தெரியும் என்று கை பழகிவிட்டது. "காலைப் பாட்டு" என்று பெயர் போட்டு நம் பறவைப் படக் குழுவில் போட்டேன். எவ்வளவு சந்தோசமாகப் பாடுகிறது என்று ஆளாளுக்கு எழுதினார்கள். தொடாத படத்தை உங்களுக்கு அனுப்பி, வெள்ளிக்கிழமை லீவில் திருத்தித் தாருங்கள் என்று கேட்டேன்.

வெள்ளிக்கிழமை நீங்கள் அதைத் திறந்து நிழலை வெளிச்சமாக்கினீர்கள். குருவிக்குக் கீழே, கானோரத்துத் தேயிலையின் அடியில், புள்ளி புள்ளியாக ஒரு தோள். அதற்கு மேல் ஒரு காது. கழுத்தடியில் சின்னதாக இன்னொரு தலை. குட்டியோடு படுத்திருந்த சிறுத்தைப்புலி. அன்றைக்கு அந்த எட்டாம் நம்பரை மறுபடி திறந்து கொழுந்து எடுக்கத்தான் காலைப் பெரட்டில், வேலை பிரிக்கும்போது, பேர் சொல்லப்போகிறார்கள் என்று முதல் நாள் மாலையே வினோதா உங்களிடம் சொல்லியிருக்கிறாள்.

நீங்கள் எனக்குப் பதினொரு தடவை அழைத்திருக்கிறீர்கள். நான் வட்டகொடை ஸ்டேசனுக்குக் கீழே ஓடையோரம் மீன்கொத்திக்காகக் காத்திருந்தேன். சத்தத்துக்குப் பறந்துவிடும் என்று போனை ஊமையாக்கிப் பைக்குள் வைத்திருந்தேன். வினோதாவின் போன் லயத்தில் சார்ஜில் கிடந்தது. கடைசியில் உங்கள் அத்தை மீனம்மாவுக்கு அழைத்தீர்கள். 

அதன் பிறகு நடந்தது உங்களுக்குப் பாதிதான் தெரியும். மீனம்மா அடுப்பை அணைத்துவிட்டு, மூட்டு வலியையும் மறந்து, ரோட்டில் ஓட்டமும் நடையுமாகப் போய், மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு சிவசாமியிடம் சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டாராம். "என்னக்கா, கட்டாருல இருக்கிறவருக்கு நம்ம மலையில புலி தெரியுதா? எனக்கு இந்தப் பனியில முன்னால இருக்கிற கானே தெரியல."  நீங்கள் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பிய படத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாளாம். சிவசாமி அதை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். மறுபடியும் பார்த்தார்.

சிவசாமி சத்தம் போடவில்லை, விசிலும் ஊதவில்லை. அதற்காகவே அவருக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன். நிரை நிரையாக இறங்கிப் போய், மெதுவான குரலில், "கூடைய அங்கயே போட்டுட்டு மேல ரோட்டுக்கு வாங்க. யாரும் ஓடாதீங்க. பேசாதீங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். வினோதா எல்லோருக்கும் கீழே, கானிலிருந்து ஆறு நிரை தள்ளி நின்றிருந்தாள். ஏறும்போது கால் வழுக்கி, கவ்வாத்து வெட்டிய பழைய கட்டையில் முழங்காலுக்குக் கீழே கிழித்துக்கொண்டாள். அந்தக் காயம் அதுதான். மிருகத்தின் நகம் அவள்மேல் படவில்லை. எல்லோரும் ரோட்டுக்கு வந்த பிறகு கீழே தேயிலை அசைந்தது. மரம் அறுப்பதுபோல ஒரு உறுமல் இரண்டு தடவை கேட்டதாம். கூடக் கொழுந்து எடுத்த ராக்காயி அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாளாம்.

நான் பத்தரை மணிக்குத்தான் போனைப் பார்த்தேன். ஓடி வந்தபோது ரோட்டில் கூட்டம். சிலர் தடியும் திருவிழாவுக்கு வாங்கிவைத்த வெடியும் கொண்டுவந்திருந்தார்கள். வனவிலங்கு ஆட்கள் மத்தியானம் வந்தார்கள். அவர்கள் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் எல்லோருக்கும் சொன்னேன்: தாய் குட்டியோடு இருக்கிறது, விரட்டினால்தான் ஆபத்து, பத்து நாள் அந்தப் பக்கம் போகாதீர்கள், அதுவே குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். தோட்ட நிர்வாகமும் ஒத்துக்கொண்டு பெண்களுக்கு வேறு மலை கொடுத்தது. வெடி வைத்திருந்தவர்களைச் சமாதானப்படுத்துவதுதான் பெரும்பாடு. மாறி மாறி ரோட்டில் காவல் நின்றோம். நான் தினமும் போனேன், கெமரா இல்லாமல்.

பதினோராம் நாள் அந்த ஆட்கள் மறுபடியும் வந்து இறங்கிப் பார்த்தார்கள். புல் மட்டும் அமுங்கிக் கிடந்தது. மேல் காட்டுக்குப் போன தடம் ஈர மண்ணில் தெளிவாக இருந்தது, பெரிதும் சின்னதுமாக. அதைக் கேட்டதும் ரோட்டில் நின்ற பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிட்டார்கள். பத்து நாளாக அடக்கிவைத்த பேச்சு. என் நெஞ்சிலிருந்தும் ஒரு பாறை இறங்கியது. பாதிதான் இறங்கியது.

இனி இரண்டாவது காரணம்.

"மாமாவுக்குக் கண்ணு மங்கலாயிருச்சு, கவனிச்சிருக்க மாட்டாரு, அவர ஒண்ணும் சொல்லாதீங்க அத்தை" என்று நீங்கள் மீனம்மாவிடம் சொன்னீர்களாம். என்னிடமும் அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. உங்கள் நல்ல மனசு அது. ஆனால் உண்மை அப்படி இல்லை, மாப்பிள்ளை. நான் கவனித்தேன்.

படத்தின் கீழ்மூலையில் மங்கலாக ஒரு மஞ்சள் கறை இருந்தது. இருட்டாக்கிய பிறகும் அது போகவில்லை. காய்ந்த இலைக் குவியல் என்று நினைத்தேன். பார்க்கிற கண் குருவியை விட்டு அங்கே போகிறதே என்று எனக்கு எரிச்சல். பெரிதாக்கிப் பார்த்திருந்தால் போதும், ஒரு நிமிட வேலை. நான் பார்க்கவில்லை. அந்த இடத்தை விரலால் தேய்த்துத் தேய்த்து அழித்தேன். அழிந்ததும் படம் அழகாக இருக்கிறது என்று சந்தோசப்பட்டேன். குருவி பாடவில்லை என்பதும் இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. கீழே ஆபத்து இருக்கிறது என்று அது கத்தியிருக்கிறது. அந்த ஆபத்தை அழித்துவிட்டு, கத்தலுக்குப் பாட்டு என்று பெயர் வைத்தவன் நான்.

வகுப்பில் பிள்ளைகள் பிழையை எச்சில் தொட்டு அழிப்பார்கள். தாள் கிழியும். அழிக்காதீர்கள், ஒரு கோடு மட்டும் போடுங்கள், நீங்கள் முதலில் என்ன நினைத்தீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும் என்பேன். எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அதனால்தான் இதையும் அழிக்காமல் எழுதுகிறேன்.

குழுவிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிட்டேன். வினோதாவிடம் நேற்று வாசலில் வைத்தே சொன்னேன். என் தங்கச்சி மகளை உங்கள் கையில் பிடித்துக் கொடுத்தவன் நான். அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குப் பதினைந்து நாள் எடுத்தது. அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.  பிறகு, "அழிச்சது நீங்க, ஓடுனது நானு, பேரு வாங்குனது அவரு. நல்லா இருக்கு மாமா நம்ம குடும்பம்" என்றாள். மீனம்மா உள்ளேயிருந்து, "குருவி பிடிக்கப் போன மனுசன் புலிக்குத் திரை போட்டுட்டு வந்திருக்காரு" என்று சேர்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் போகும்போது வினோதா, "அவருகிட்ட நீங்களே சொல்லுங்க மாமா, நான் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சரிதானே.

மற்றபடி இங்கே மழை விட்டுவிட்டது. உங்கள் மகள் தனுஷிகாவுக்கு விஞ்ஞானத்தில் எழுபத்தெட்டு. அவளே சொல்லட்டும், தெரியாததுபோல் கேட்டுக்கொள்ளுங்கள். என் தங்கச்சிக்குப் பிரஷர் இறங்கியிருக்கிறது. உங்களுக்கு வெயிலில் வேலை என்று கேள்விப்பட்டேன், தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

பிரதாப்பிடம் ஒரு மெமரி கார்டும் கொடுத்துவிடுகிறேன். காவல் முடிந்த பிறகு எடுத்த படங்கள். எதிலும் நான் கை வைக்கவில்லை. கொப்பு, குப்பை, மங்கல், என் விரல் மறைத்தது, எல்லாம் அப்படியே இருக்கின்றன. உங்களுக்கு மனம் வந்தால் திறந்து பாருங்கள். வராவிட்டால் அவசரமில்லை. கோபம் இருந்தால் அழைத்துத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். இனி வெளியே போகும்போதும் என் போன் சத்தத்தோடுதான் இருக்கும். குருவி பறந்தால் பறக்கட்டும்.

தோட்டத்து மாரியம்மன் உங்களை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருந்து, அடுத்த லீவில் வினோதா முன்னாலும் பிள்ளை முன்னாலும் கொண்டுவந்து நிறுத்தட்டும். அன்றைக்கு நீங்கள் எங்கள் வீட்டுக்கும் வர வேண்டும், மாப்பிள்ளை.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
மாமா கந்தப்பன்