நீ வளர்த்த பூஞ்சை

மழைக்காலம் வந்தால் என் தோல்பையில் பூஞ்சை பூத்துவிடுகிறது. இன்று காலை அலமாரியைத் திறந்ததும் அந்த ஈர வாடை. "தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கேம்மா" என்கிறாள் மகள். பூஞ்சையைக் கண்டால் உன் நினைவுதான்; துடைக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னை நினைத்தால் எனக்கு அழுகை வருவதில்லை, கோபம்தான் வருகிறது.

எண்பதுகளின் நடுவில் மாட்டுங்காவில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நீயும் நானும் வேலை பார்த்தோம். தாராவியில் உன் அண்ணனுக்குத் தோல் பதனிடும் பட்டறை. தோல் ஊறிய குரோம் உப்புத் தண்ணீர் பச்சைப் பசேலென்று கட்டரில், அந்தத் திறந்த சாக்கடையில், ஓடும். அதன் பக்கத்திலேயே சந்துக்கெல்லாம் ஒரே அடிபம்பு. ஒருநாள் பம்புத் தண்ணீரிலும் பச்சை தெரிந்தது.

"நாம விட்ட வெசத்த இந்தப் புள்ளைக குடிக்கணுமா?" என்றாய்.

"எல்லாரும் விடுததுதானே" என்றார் அண்ணன்.

சிலவகைப் பூஞ்சைகள் தண்ணீரிலுள்ள உலோகத்தைத் தம்மேல் பிடித்துக்கொள்ளும் என்பது நமக்குத் தெரியும். ஆய்வுக்கூடத்திலிருந்து கொஞ்சம் எடுத்துப்போய், வெல்லத் தண்ணீரில் வளர்த்து, பட்டறை மூலையில் பானை பானையாக அடுக்கினாய். அண்ணன் கெடு வைத்தார்: "பக்ரீதுக்குள்ள தண்ணியச் சுத்தமாக்கிக் காட்டு. அப்புறம் தோலு வந்து குவிஞ்சிரும். பானைக்கு எடம் கெடையாது."

பக்ரீத் நெருங்கியபோதுதான் அந்த விபரீதம். தோல்காரர்களுக்குப் பூஞ்சைதான் முதல் எதிரி. தோலில் ஒரு புள்ளி விழுந்தாலும் சரக்கு போச்சு. பானையைத் திறந்து பார்த்த மேஸ்திரி, பட்டறையைக் காப்பாற்றுவதாக நினைத்து, எல்லாவற்றிலும் கொதிநீரை ஊற்றிவிட்டார். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். மறுபடி வளர்க்க நாளில்லை. நீயோ வெந்து துவண்டதை அள்ளிப் பிழிந்துகொண்டிருந்தாய்.

"செத்தா என்னட்டி? ஊத்திப் பாப்போம்."

பட்டறைத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினோம். மறுநாள் தண்ணீர் பெருமளவு வெளுத்திருந்தது. பூஞ்சைதான் பச்சையாகிக் கிடந்தது. ஆய்வுக்கூடத்துச் சோதனையும் அதையே சொன்னது. அண்ணன் தோல்கட்டுகளைத் தள்ளிப் பானைகளுக்கு இடம் விட்டார்.

பூஞ்சை பிடித்த குரோம் பூஞ்சையிலேயே இருக்குமே, அதை என்ன செய்வது? "ஓடையில கொட்டிரு" என்றார் அண்ணன். "அங்கன மட்டும் மனுசன் இல்லியா?" என்று கேட்டாய். காயவைத்து டின்னில் அடைத்து, குரோம் உப்பு விற்ற சேட்டின் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். "சேட், ஆப்கா மால் வாபஸ்." உங்கள் சரக்கு, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் மேசைமேல் வைத்தாய். எனக்கு உள்ளே வரத் துணிவில்லை, வாசலிலேயே நின்றுவிட்டேன்.

பட்டறை பிறகு மூடப்பட்டது. நீயும் போய்விட்டாய். உன் வீட்டில் துக்கம் கேட்கப் போனபோது பழைய பட்டறைக்காரர் ஒருவர், "பாவம், பூஞ்சை வளத்தே காலம் வீணாப் போச்சு" என்றார். "நீங்க சும்மா இருந்த காலம்தான் வீணாப் போச்சு" என்றேன். கூடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

போன மாதம், செம்பூரில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னாலுள்ள முலாம் பூசும் பட்டறை, குரோம் கலந்த கழிவுத் தண்ணீரை எங்கள் சாக்கடையில் திருப்பிவிட்டது. அதில் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு அந்தப் பட்டறைக்குப் போனேன். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. முதலாளியின் மேசையில் வைத்தேன்.

"என்ன ஆன்ட்டி, எல்லாரும் இங்கதானே விடுறாங்க" என்றான் அந்தப் பையன்.

அவனுக்கு எதிரிலிருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"டீ சொல்லுங்க தம்பி. நான் இப்போதைக்கு எழுந்திருக்கப் போறதில்ல."